வேலையை விடும் நாளில் தெரியும் பங்கின் மதிப்பு



2021 செப்டம்பர் 22. சென்னையில் தொடங்கி வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. 36 டாலருக்கு விற்கப்பட்ட பங்கு, முதல் நாள் முடிவில் 47 டாலரைத் தாண்டியது. இந்திய ஊழியர்களில் 500 பேருக்கு மேல் இதனால் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். இன்போசிஸ் நிறுவனம் 1994லேயே ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கத் தொடங்கிவிட்டது. என்றாலும், 'ஈசாப்' என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது ஃப்ரெஷ்வொர்க்ஸ் செய்திக்குப் பிறகுதான்.

இன்று ஸ்டார்ட்அப்பில் வேலை கிடைத்த பிள்ளை ஆஃபர் லெட்டரை நீட்டி, "சம்பளம் கொஞ்சம் கம்மிதான்ப்பா, ஆனா 4,000 ஈசாப் குடுத்திருக்காங்க" என்கிறது. அந்த 4,000 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அதன் மதிப்பு, கூடவே இருக்கும் விதிகளில்தான் இருக்கிறது. அந்த விதிகளைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், ஈசாப் என்பது பங்கு அல்ல. பிற்பாடு ஒரு நாள், இன்று குறித்த விலைக்கே பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை. இன்றைய விலைக்கு மனை ஒன்றைப் பேசி அக்ரிமென்ட் போட்டுக்கொண்டு, நான்கு வருடம் கழித்துப் பணம் கட்டிப் பத்திரம் பதிவதைப் போன்றது. பங்காக மாறும் வரை டிவிடெண்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அந்த உரிமையை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

இந்த உரிமை ஒரே நாளில் கைக்கு வந்துவிடாது. படிப்படியாக வரும், அதைத்தான் 'வெஸ்டிங்' என்கிறார்கள். கொடுத்த நாளுக்கும் முதல் தவணை கைக்கு வரும் நாளுக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பெரும்பாலும் நான்கு ஆண்டுக் கணக்கு போடுவார்கள். ஓராண்டு முடிந்ததும் கால் பங்கு, மீதி மாதாமாதமோ ஆண்டுக்கொரு முறையோ. பதினோராவது மாதம் வேலையை விட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேப்பர் பேனா வேண்டாம், எல்லாம் முழு எண்கள்தான். ஒரு பொறியாளருக்கு 4,000 உரிமைகள். ஒன்றுக்கு 10 ரூபாய் கட்ட வேண்டும். மூன்று ஆண்டு முடிந்து, 3,000 கைக்கு வந்திருக்கிறது. நிறுவனம் இன்னும் பங்குச் சந்தைக்கு வரவில்லை. செபியில் பதிவான மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர், பங்கின் மதிப்பு 500 ரூபாய் என்று சான்று கொடுத்திருக்கிறார். ஆக, மொத்த மதிப்பு 15 லட்சம். இந்த நேரத்தில் அவருக்கு வேறு நல்ல வேலை கிடைக்கிறது. ராஜினாமா கடிதம் கொடுக்கிறார்.

அப்போதுதான் திட்டத்தின் சின்ன எழுத்துகள் கண்ணில் படுகின்றன. வேலையை விட்ட 90 நாளுக்குள் பணம் கட்டிப் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். பங்கு வாங்க 30,000 ரூபாய், அது பெரிய தொகை இல்லை. ஆனால் 10 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 500 பெறும் என்பதால், இடையில் உள்ள 490 ரூபாயைச் சம்பளத்தோடு சேர்ந்த வருமானமாக வருமான வரித்துறை கருதுகிறது. 3,000 பங்குக்கு அது 14,70,000 ரூபாய். அவர் 30 சதவீத வரி வரம்பில் இருந்தால், செஸ்ஸும் சேர்த்துச் சுமார் 4,59,000 ரூபாய் வரி. பங்கின் விலையையும் கூட்டினால், கிட்டத்தட்ட 4,89,000 ரூபாயை மூன்று மாதத்தில் புரட்ட வேண்டும்.

எதற்காக? இன்று சந்தையில் விற்க முடியாத ஒரு பங்குக்காக. இரண்டு வருடம் கழித்து அதே பங்கு 200 ரூபாய்க்குத்தான் போனால், 500 ரூபாய் மதிப்புக்குக் கட்டிய வரி திரும்பி வராது. அந்த நஷ்டத்தை மூலதன நஷ்டமாகக் காட்டலாம். சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது.

இந்தச் சிரமத்தை அரசும் உணர்ந்தது. 2020 பட்ஜெட்டில், தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களின் ஊழியர்கள் இந்த வரியைச் சில ஆண்டுகள் தள்ளிக் கட்டலாம் என்று சலுகை வந்தது. ஆனால் பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ சலுகை அன்றோடு முடிந்துவிடும். வேலையை விடுகிறவருக்குத்தான் கையில் காசு தேவை. அவருக்கு அது உதவுவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு நிறுவனம் உண்மையிலேயே பங்கு கொடுக்க நினைக்கிறதா, ஆளைக் கட்டிப்போட நினைக்கிறதா என்பது, வேலையை விடுகிறவரைப் பற்றி அது எழுதிவைத்திருக்கும் பத்தியில் தெரிந்துவிடும். சட்டம் இங்கே நிறுவனத்துக்கு நிறைய இடம் கொடுக்கிறது. கைக்கு வராத உரிமை ராஜினாமாவோடு காலாவதி. கைக்கு வந்ததை எத்தனை நாளில் பயன்படுத்த வேண்டும் என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம். 90 நாள் என்பது வழக்கம்தான், கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் பின்ட்ரெஸ்ட் நிறுவனம் 2015இல், இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு விலகியவர்களுக்கு ஏழு ஆண்டு அவகாசம் கொடுத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. பணியில் இருக்கும்போதே ஊழியர் இறந்துவிட்டால், அதுவரை அவருக்குக் கொடுத்த உரிமை அத்தனையும், தவணை வந்ததும் வராததும், வாரிசுக்கோ நாமினிக்கோ போய்ச் சேர வேண்டும். நிரந்தரமாக உடல் முடங்கிப் போனாலும் அன்றைக்கே எல்லாம் கைக்கு வந்துவிடும். இப்படி ஒரு சொத்து இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. பேங்க் பாஸ்புக்கோடு ஈசாப் கடிதத்தின் நகலையும் வீட்டில் வைத்திருங்கள்.

வெறும் உரிமையாகவே வைத்திருப்பவர்கள் நிறுவனத்தின் நல்ல மனசை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. ஃபோன்பே தனியாகப் பிரிந்தபோது ஃப்ளிப்கார்ட்டின் மதிப்பு குறைந்தது. அதை ஈடுகட்ட, 2023இல் ஈசாப் வைத்திருந்தவர்களுக்கு ஃப்ளிப்கார்ட் ரொக்கம் கொடுத்தது. அந்தப் பணத்துக்கு வரி உண்டா என்ற வழக்கில், 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் இல்லை என்றது. அதே ஆண்டு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, உண்டு என்றார். சட்டம் படித்தவர்களுக்கே இவ்வளவு குழப்பம்!

மேலதிகாரிகள் விஷயம் கொஞ்சம் வேறு. அவர்களுக்குக் கொடுப்பது பெரிய அளவு. அதனால் கடிவாளமும் வேண்டும். ஒரே ஆண்டில் ஒருவருக்கு, நிறுவனத்தின் மொத்தப் பங்கில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ கொடுப்பதானால், பங்குதாரர்களிடம் தனித் தீர்மானமே நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்கும் இடத்தில் இருக்கும் சுயேச்சை இயக்குநர்களுக்கு ஈசாப் கூடவே கூடாது. நாள் நகர்ந்தால் போதும் என்றில்லாமல், லாபமோ வளர்ச்சியோ குறித்த இலக்கை எட்டினால்தான் பங்கு என்று நிபந்தனை வைப்பதும் இப்போது வழக்கமாகிவருகிறது.

உரிமை கொடுத்த தேதிகளின் பதிவேட்டை நிறுவனம் ஒழுங்காக வைத்திருப்பதும் முக்கியம். அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் லீ, அமெரிக்க நிறுவனங்கள் மேலதிகாரிகளுக்கு உரிமை கொடுத்த தேதிகளை ஆராய்ந்தார். பங்கு விலை அடிமட்டத்தில் இருந்த நாட்களாகவே பார்த்து அவை அமைந்திருந்தன. அத்தனை பேருக்கும் அதிர்ஷ்டம் அடித்திருக்க முடியாது. கட்ட வேண்டிய விலை குறையும்படி, பின்னோக்கிப் பார்த்து, பங்கு விலை இறங்கியிருந்த பழைய தேதியைப் போட்டிருந்தார்கள். 2006இல் இது பெரிய ஊழலாக வெடித்து, பல தலைமை அதிகாரிகள் பதவி இழந்தார்கள்.

இனி, ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடப்போகும் பிள்ளைகளுக்கு. ஹெச்.ஆரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். பங்கு ஒன்றுக்கு நான் கட்ட வேண்டிய விலை என்ன? நிறுவனத்தின் மொத்தப் பங்கில் என் 4,000 எத்தனை சதவீதம்? சந்தைக்கு வராவிட்டால் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா, இதுவரை வாங்கியிருக்கிறீர்களா? நான் விலகினால் எத்தனை நாள் அவகாசம்?

பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்த திட்ட ஆவணம் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, முதலில் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கே அடுத்த ஆண்டு 20 டாலருக்குக் கீழே இறங்கியது. சந்தை விலை யார் கையிலும் இல்லை. விதியைத் தெரிந்துகொள்வது உங்கள் கையில் இருக்கிறது. ஆவணத்தைக் காட்டத் தயங்குகிறார்களா? அந்த 4,000ஐப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, சம்பளத்தைப் பேசுங்கள்.