கடற்கரை விடுமுறைக்கு வாடகை வீடா, ஹோட்டலா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "இந்த முறை கடலுக்குப் போகலாமா?" என்று பிள்ளைகள் தொடங்குவார்கள். போகலாம் என்று முடிவான மறுநிமிடமே அடுத்த கேள்வி எழும். ஹோட்டலில் அறை எடுப்பதா, ஒரு வீட்டையே வாடகைக்கு எடுப்பதா? இன்றைய அரங்கத்தின் தலைப்பும் அதுவே.

கிள்ளானில் வாழும் ஒரு கூட்டுக் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பாட்டி ஒருவர். அவருடைய இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஒரு மகள், ஒரு மருமகன், நான்கு பேரப்பிள்ளைகள். ஆக மொத்தம் பதினொரு பேர். போகுமிடம் போர்ட்டிக்சன். இரண்டு இரவு தங்கல்.

மூத்த மகன் கணக்குப் போடுகிறார். ஹோட்டல் என்றால் குறைந்தது நான்கு அறை வேண்டும். ஓர் அறைக்கு ஓர் இரவு 300 வெள்ளி என்று வைத்தால், இரண்டு இரவுக்கு 2,400 வெள்ளி. வாடகை வீடு ஓர் இரவுக்கு 900 வெள்ளி என்றால் 1,800 வெள்ளியில் முடிந்துவிடும். "வீடுதான் லாபம்" என்கிறார். பாட்டியும் தலையசைக்கிறார். "எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம் ஐயா, அதுபோதும் எனக்கு" என்கிறார்.

ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. மூத்த மருமகள். அவருடைய மௌனத்துக்குக் காரணம் உண்டு. அதை உரையின் கடைசியில் பார்க்கலாம். முதலில் பணக் கணக்கைச் சரிபார்ப்பது நல்லது.

விலைப்பட்டியலில் தெரியாத விலை

ஹோட்டல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால் அது முழு விலை அல்ல. அதற்கு மேல் சேவைக் கட்டணம் வரும். வழக்கமாக அது 10 விழுக்காடு. கூடவே அரசாங்கத்தின் சேவை வரியும் உண்டு. 2024 மார்ச் முதல் தங்கும் அறைகளுக்கு அது 8 விழுக்காடு. சிங்கப்பூரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வரும் உறவினர் தம் பெயரில் அறை எடுத்தால், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரியும் சேரும். 2017 செப்டம்பரில் அறிமுகமான இந்த வரி மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது.

அப்படியானால் வீடுதான் மலிவு என்று முடிவுகட்டலாமா? பொறுங்கள். வீட்டு வாடகையோடு சுத்தம் செய்யும் கட்டணம் தனியாக வரும். முன்பணம் ஒரு தொகை கட்ட வேண்டும். தட்டு உடைந்தாலும் சுவரில் கறை பட்டாலும் அதில் பிடித்துக்கொள்வார்கள். பல ஹோட்டல்களில் காலைப் பசியாறல் அறை விலையிலேயே அடங்கிவிடும். வீட்டில் பதினொரு பேருக்கு இரண்டு காலைப் பசியாறலுக்கும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எரிவாயு இருக்கிறதா, அரிசி வேகும் அளவுக்குப் பானை இருக்கிறதா, குடிதண்ணீர் இருக்கிறதா என்பதையெல்லாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஓரிரண்டு இரவுக்கு ஹோட்டலே சிக்கனமாக முடியக்கூடும். எட்டுப் பேருக்கு மேல் போனால், அதுவும் இரண்டு மூன்று இரவு என்றால், வீட்டின் பக்கம் தராசு சாயும்.

எலி வளையானாலும் தனி வளை

பணத்தைத் தாண்டியும் வாடகை வீட்டுக்குச் சில நன்மைகள் உண்டு. ஹோட்டலில் பாட்டி மூன்றாம் மாடியில், மகள் ஏழாம் மாடியில் என்று ஆளுக்கொரு திசையில் கிடப்பார்கள். இரவு பத்து மணிக்கு எல்லாரும் உட்கார்ந்து பேச ஓர் இடம் இருக்காது. பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். வாடகை வீட்டில் கூடத்தில் பாயை விரித்துப் போட்டால் பேரப்பிள்ளைகள் பாட்டியைச் சுற்றிப் படுத்துக்கொள்வார்கள். சந்தையில் மீனும் நண்டும் இறாலும் வாங்கி வந்து வாசலில் கரி அடுப்பு மூட்டலாம். டுரியான் வெட்டலாம். ஹோட்டல் அறைக்குள் அந்தப் பழத்தைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. விரதம் இருப்பவர்களுக்கும், சைவம் மட்டுமே சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரை நோய்க்காகப் பத்தியம் பார்ப்பவர்களுக்கும் சொந்தச் சமையல் பெரிய வசதி.

ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டுக்காரர் முஸ்லிமாக இருந்தால் பன்றி இறைச்சியும் மதுவும் உள்ளே வரக்கூடாது என்று நிபந்தனை வைப்பார். இந்துவாக இருந்தால் மாட்டிறைச்சி வேண்டாம் என்பார். அது அவர்களுடைய வீடு. ஒத்துவராது என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது மரியாதை.

எல்லாக் கடற்கரையிலும் இந்தத் தேர்வு கிடைக்காது. ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கிழக்குக்கரைத் தீவுகளில் சாப்பாட்டோடு சேர்த்த தங்குவிடுதிகளே பெரும்பாலும் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை, அவற்றில் பலவற்றை மூடிவிடுவார்கள். ஆண்டு இறுதி விடுமுறைக்கு மேற்குக்கரையில் உள்ள போர்ட்டிக்சன், பங்கோர், லங்காவி, பினாங்கு ஆகியவையே கைகொடுக்கும்.

'ஹோம்ஸ்தே' என்ற பெயர்

இப்போது எந்த வாடகை வீட்டையும் 'ஹோம்ஸ்தே' என்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது 1995இல் பகாங் மாநிலத்தின் தெமர்லோ வட்டாரத்தில் தொடங்கிய திட்டம். சுற்றுலா அமைச்சில் பதிவு செய்த கிராமத்துக் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு, அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது அதன் நோக்கம். கடற்கரையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் வீடு வேறு. பெயரை மட்டும் நம்பி, அரசாங்கம் சோதித்த இடம் என்று நினைத்துவிடக் கூடாது.

கொண்டோமினிய வீடு என்றால் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "உங்கள் கட்டட நிர்வாகம் இதற்கு அனுமதி தந்திருக்கிறதா?" மொண்ட் கியாராவில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு தொடர்பான வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடைசெய்து விதி இயற்ற நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி இல்லாத இடமாக இருந்தால், பையும் பாயுமாகப் பாட்டியை அழைத்துக்கொண்டு காவலாளிச் சாவடியில் நிற்க வேண்டியிருக்கும். உரிமையாளரின் தொலைபேசியோ அடித்துக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூரில் சட்டம் இன்னும் கடுமையானது. அங்கே தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. வீவக வீட்டுக்கு அந்த வரம்பு 6 மாதம். 2018இல் விதியை மீறிய இருவருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அங்கிருக்கும் உறவினர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வார இறுதிக்கு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இல்லாத வீட்டுக்கு முன்பணம்

மோசடிக்காரர்களுக்கும் விடுமுறைக் காலம் அறுவடைக் காலம். வேறு யாரோ ஒருவருடைய வீட்டின் படத்தை எடுத்துப் போட்டு, பாதி விலைக்குத் தருவதாக விளம்பரம் செய்வார்கள். "இன்னும் இருவர் கேட்கிறார்கள், இன்றே முன்பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். போய்ப் பார்த்தால் அந்த முகவரியில் வேறொரு குடும்பம் குடியிருக்கும். பணமும் போய், விடுமுறையும் போய், பிள்ளைகள் காரில் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, காணொளி அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான உரிமையாளர் மறுக்கமாட்டார். இரண்டாவது, அவர் கொடுக்கும் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். மோசடிப் புகாரில் சிக்கிய கணக்கா என்று தெரிந்துவிடும். மூன்றாவது, பேச்சு, ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022இல் தொடங்கிய தேசிய மோசடி பதில் மையத்தின் எண் அது. பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்புண்டு.

மோசடி இல்லை, ஆனால் சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால்? ஹோட்டல் போன்ற வணிகத்தாரிடம் ஏற்பட்ட இழப்புக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை.

நீச்சல் குளம்: கண் எடுக்கக் கூடாத இடம்

இதுவரை பேசியது பணம். இனிப் பேசுவது உயிர். வாடகை வீடு தேடும்போது பிள்ளைகள் முதலில் கேட்பது, "குளம் இருக்கா அப்பா?" என்றுதான். வாடகை வீட்டுக் குளத்தில் குழந்தை மூழ்கியது என்ற செய்தியும் இந்த நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை திரைப்படத்தில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூச்சல் போடுவதில்லை. பெரும்பாலும் சத்தமே வராது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பெட்டியை இறக்கும் நேரம், கறி வெட்டும் நேரம், எல்லாரும் கூடிச் சிரிக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "அண்ணி பார்த்துக்கொள்வார்" என்று தம்பியும், "சித்தப்பா இருக்கிறாரே" என்று அண்ணியும் நினைத்துவிடுவார்கள். பத்துப் பெரியவர்கள் இருந்தும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்ற நிலை அப்படித்தான் உண்டாகிறது.

ஹோட்டல் குளத்திலும் உயிர்காப்பாளர் இருப்பார் என்று உறுதியில்லை. இல்லை என்று பலகையே வைத்திருப்பார்கள். ஆனால் அங்கே குளம் திறக்க, மூட நேரம் உண்டு. வாடகை வீட்டிலோ படுக்கையறைக் கதவைத் திறந்தால் குளம். நள்ளிரவிலும் அது திறந்தே கிடக்கும்.

ஆகவே குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டும் உள்ள வீட்டையே தேடுங்கள். பெரியவர்கள் அரை மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்துக் காவல் இருங்கள். காவல் இருப்பவர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. குளித்து முடித்ததும் பந்தையும் மிதவையையும் வெளியே எடுத்துவிடுங்கள். அவை தண்ணீரில் கிடந்தால் குழந்தை தேடிப் போகும். கடலிலும் அப்படியே. சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள்.

அம்மாவுக்கும் விடுமுறை உண்டா?

இப்போது மூத்த மருமகளின் மௌனத்துக்கு வரலாம்.

போன ஆண்டும் இந்தக் குடும்பம் ஒரு வாடகை வீட்டில்தான் தங்கியது. காலை ஐந்தரைக்கு அவர் எழுந்தார். பதினொரு பேருக்குக் காப்பி, பிறகு பசியாறல். பாத்திரம் கழுவி நிமிர்ந்தபோது மணி பத்து. மற்றவர்கள் கடலுக்குப் போய்விட்டார்கள். உடனே மதியச் சமையல். மாலையில் கணவர் கரி அடுப்பில் மீன் வாட்டினார். எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அந்த மீனைக் கழுவி, மசாலா தடவி, பிறகு அந்தக் கம்பியைத் தேய்த்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பும் நாளில் முன்பணம் திரும்பக் கிடைக்க வேண்டுமே என்று தரையைத் துடைத்ததும் அவர்தான். இரண்டு நாளில் அவர் கடலில் கால் வைத்தது ஒரே ஒருமுறை. வேலைக்குப் போகும் பெண் அவர். ஆண்டு விடுப்பில் இரண்டு நாளை இதற்காக எடுத்திருந்தார்.

வீடு மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம், நேயர்களே. ஹோட்டலில் சமையல்காரருக்கும் சுத்தம் செய்பவருக்கும் கொடுக்கும் சம்பளம் அறை விலைக்குள் இருக்கிறது. வாடகை வீட்டில் அதே வேலையை வீட்டுப் பெண்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். மூத்த மகன் போட்ட கணக்கில் மிச்சமான 600 வெள்ளியில் ஒரு பகுதி அவர் மனைவியின் உழைப்பு.

அதற்காக வாடகை வீடே வேண்டாமா? அப்படியில்லை. பாட்டியின் ஆசையும் நியாயமானதே. முழங்கால் வலியோடு அவர் இன்னும் எத்தனை முறை கடற்கரைக்கு வர முடியும்? மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் படுத்துறங்கும் இரவு எந்த ஹோட்டலிலும் கிடைக்காது. தேவைப்படுவது ஒரு சிறிய ஒப்பந்தம். முன்பணம் கட்டும் முன்பே ஒரு தாளை எடுத்து வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் வரட்டும். காலைப் பசியாறல் கடையிலிருந்து வரட்டும், வாங்கி வருவது மருமகன் பொறுப்பு. ஒரு வேளைச் சமையல் ஆண்கள் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது பெரிய பிள்ளைகள் பொறுப்பு. ஒரு வேளை எல்லாரும் வெளியே சாப்பிடலாம். அந்தத் தாளில் எல்லாப் பெயரும் வந்தால் வீட்டை எடுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், கூடச் செலவானாலும் பரவாயில்லை, ஹோட்டலையே எடுங்கள். இரண்டும் கலந்த வழியும் உண்டு. இரண்டு மூன்று படுக்கையறையும் சிறு சமையலறையும் கொண்ட விடுதி வீடுகள் கடற்கரையோரம் கிடைக்கின்றன. பாட்டியோடு சேர்ந்து இருக்கலாம், காப்பி போட்டுக்கொள்ளலாம், மற்ற வேலையை விடுதிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த விடுமுறைக்கு வீட்டில் பேச்சு எழும்போது, விலையைக் கேட்கும் முன் வீட்டுப் பெண்மணியிடம் ஒன்று கேளுங்கள். "உனக்கு எது ஓய்வாக இருக்கும்?" அவர் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். எங்கே தங்குவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.