சட்டமும் சமுதாயமும் சேர்ந்த கல்வி



பன்னிரண்டாம் வகுப்பு தேறிய நம் பிள்ளைகள் பயிலத்தக்க படிப்புகளுள் ஒன்று ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. ஆகும். அதில் சட்டத்தோடு சமூகவியல், வரலாறு, பொருளியல், அரசியல் ஆகியனவும் கற்பிக்கப்படுகின்றன. "வழக்கறிஞருக்கு இவை எதற்கு?" எனப் பெற்றோர் நம்மை வினவுவதுண்டு. மராட்டிய மாநிலத்து மகாத் நகரின் குளமே அதற்கு விடை கூறும்.

பொதுக் குளங்கள் நம் மக்களுக்கும் உரியன என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாத் நகராட்சி 1924இல் தன் குளத்தைத் திறந்துவிட்டது. ஆயினும் ஒரு கை நீர் அள்ள நம் மக்களால் இயலவில்லை. 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் பெருந்திரளாக மக்களை அழைத்துச் சென்று அந்நீரைப் பருகினார். அதன்பின் அவர்கள் தாக்கப்பட்டனர். வழக்கும் தொடுக்கப்பட்டது. எம்மைத் தடுப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்றனர் எதிர்த்தரப்பினர். அத்தொன்மையை அவர்கள் மெய்ப்பிக்கவில்லை எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1937இல் தீர்ப்பளித்தது.

ஏட்டுத் தீர்மானத்திற்கும் குளக்கரைக்கும் இடையே நின்றது எது? சட்ட நூல் மட்டும் அதனைச் சொல்லாது; சமூகவியல் சொல்லும். வழக்கம் தொன்மையானதா என்பதை வரலாறு சொல்லும். அண்ணலும் சட்டம் ஒன்றையே பயின்றவர் அல்லர், பொருளியலில் ஆழ்ந்தவர், 1916இல் கொலம்பியாவில் மானிடவியல் கருத்தரங்கில் சாதி பற்றிக் கட்டுரை படித்தவர்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்று நம்மிடம் உள்ளது. அதனை ஏட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவர இரு கல்வியும் பெற்றவர் வேண்டும். ஆதலின் பெற்றோரே, மகனாயினும் மகளாயினும், விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர், இப்படிப்புக்கு அனுப்புங்கள்.