கான்பூரைத் தன் ஊராக்கிக்கொண்ட காப்டன் லட்சுமி
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆனவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு கேள்வி நம்மை விடாமல் துரத்துகிறது. இங்கே, “மதராசி, எப்போது ஊருக்குப் போவாய்?” என்கிறார்கள். திருவிழாவுக்கு ஊருக்குப் போனால், “எப்போது திரும்பிப் போகிறீர்கள்?” என்கிறார்கள். இரண்டு இடத்திலும் விருந்தாளிகளாகிவிட்ட நாம், ஒரு போர்வீராங்கனையின் வாழ்க்கையை இன்று எண்ணிப் பார்ப்போம். நேதாஜியின் படையில் பெண்களுக்குத் தலைமை தாங்கிய காப்டன் லட்சுமியின் வாழ்க்கை அது.

அவர் 1914 அக்டோபர் 24ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். தந்தை சுவாமிநாதன், உயர்நீதிமன்ற வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் கேரளத்துப் பெண்மணி. அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். 1952இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1940இல் சிங்கப்பூர் சென்றார். அங்கே அவருடைய மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலர் நம்மைப் போலக் கூலிவேலை தேடிப்போன ஏழை இந்தியர்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1943 ஜூலையில் நேதாஜி அங்கு வந்து சேர்ந்தார். பெண்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்றார். அந்தப் படையைக் கட்டும் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் லட்சுமி. ஜான்சி ராணிப் படை என்று அதற்குப் பெயர். பிறகு பதவி உயர்ந்தபோதும், மக்கள் வாயில் அவர் என்றும் காப்டன் லட்சுமிதான்.

தோழர்களே, அந்தப் படையில் சேர்ந்தவர்கள் யார்? பலர் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் எடுத்த தமிழ்த் தொழிலாளிகளின் பெண்மக்கள். இந்திய மண்ணை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்களில் ஏராளம். தோட்டத்துத் துரையைக் கண்டால் ஒதுங்கி நிற்கவேண்டும் என்று பழக்கப்பட்ட பெண்கள், தலைமுடியைக் கத்தரித்து, காற்சட்டை அணிந்து, துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த தமிழ்ப்பெண் ஜானகி தேவரின் பெயர் வரலாற்றில் நின்றது. அவருடன் நின்ற மற்ற நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் படை எந்த ஜப்பானுடன் கூட்டு வைத்ததோ, அதே ஜப்பான்தான் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துக்கொண்டுபோய் சயாம் - பர்மா ரயில் பாதை போடவைத்தது. காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டில் மடிந்தார்கள். ஒரே தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் மகள் படைக்குப் போனாள். அடுத்த வீட்டில் அப்பன் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டும் நம் கதைதான். ஒன்றைப் பாடி மற்றொன்றை மறப்பது நேர்மை ஆகாது.

1944இல் இம்பால் படையெடுப்பு முறிந்தது. ஜான்சி ராணிப் படையினர் பர்மாவில் மேமியோ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்தார்கள். 1945இல் லட்சுமி பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியா கொண்டுவரப்பட்டார். செங்கோட்டை வழக்கில் நின்ற மூவரில் ஒருவரான பிரேம் சைகலை 1947 மார்ச்சில் லாகூரில் மணந்தார். இருவரும் கான்பூரில் குடியேறினார்கள்.

போர் வீரர்களின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடுவதுதான் வழக்கம். மாலை போடுவார்கள், படம் மாட்டுவார்கள், அவ்வளவுதான். லட்சுமியின் கதையோ இங்கேதான் ஆரம்பமாகிறது.

கான்பூர் அன்று துணி ஆலைகளும் தோல் பதனிடும் சாலைகளும் நிறைந்த தொழிலாளர் நகரம். மொழி வேறு, சாப்பாடு வேறு. பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகள் வேறு குவிந்திருந்தார்கள். லட்சுமி அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஏழைப் பெண்களின் பிரசவம் பார்த்தார். கணவர், இரண்டு பெண் குழந்தைகள், வீடு, மருத்துவமனை என்று இருபதாண்டுக்கும் மேலாக ஓசையில்லாமல் ஓடிய வாழ்க்கை அது. வீட்டையும் விடவில்லை, ஊரையும் விடவில்லை.

1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் திரண்டு வந்தபோது, மேற்கு வங்க எல்லை முகாம்களுக்குப் போய்ச் சிகிச்சை அளித்தார். மகள் சுபாஷினி முன்னமே மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தார், தாயும் சேர்ந்தார். 1981இல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் சென்னையில் அமைக்கப்பட்டபோது அதைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். 1984 டிசம்பரில் விஷவாயு பரவியதும் மருத்துவக் குழுவுடன் போபால் சென்றார். அதே ஆண்டு சீக்கியருக்கு எதிரான கலவரம் மூண்டபோது, கான்பூர்த் தெருவில் இறங்கி அமைதிக்காக நின்றார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்தச் சென்னைப் பெண்ணை கான்பூர் என்ன செய்தது? 1989இல் அவருடைய மகள் சுபாஷினி அலியை அந்த நகரம் தன் மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. “இவள் மதராசிக்காரியின் மகள்” என்று அந்த ஊர் ஒதுக்கவில்லை. நாற்பதாண்டு உழைப்புக்கு அது கொடுத்த பதில் அது. ஓர் ஊரில் உரிமை கேட்பதற்குப் பிறப்புச் சான்று ஒன்றே வழியல்ல. அந்த ஊரின் துன்பத்தில் பங்கு கொண்டவனை அந்த ஊர் வெளியாள் என்று சொல்ல முடியாது.

2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகளின் வேட்பாளராக நின்றார். எதிரில் நின்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். தோல்வி உறுதி என்று தெரிந்தும் 87 வயதில் களம் இறங்கினார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2012 ஜூலை 23ஆம் நாள் 97 வயதில் கான்பூரிலேயே காலமானார். உடலை அந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்.

தாய்மார்களே, லட்சுமி பெரிய வீட்டுப் பெண், டாக்டர், அவரால் முடிந்தது, நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் தோட்டத்துப் பெண்களை முதலில் சொன்னோம். அவர்களிடம் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. ஆனாலும் நின்றார்கள்.

நாம் செய்யக்கூடியது மூன்று. ஒன்று, நாம் வாழும் பகுதியின் வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு குடும்பமும் பெயர் சேர்க்கவேண்டும். குழாயடித் தண்ணீருக்கும் ரேஷனுக்கும் பக்கத்துச் சந்தில் இருக்கும் பீகார்க்காரரோடும் மராட்டியரோடும் சேர்ந்து நிற்கவேண்டும். இரண்டு, எந்தக் கஷ்டத்திலும் பெண்பிள்ளையின் பள்ளிக்கூடத்தை முதலில் நிறுத்தும் வழக்கத்தை விடவேண்டும். மூன்று, மலேயாவிலோ பர்மாவிலோ இருந்து திரும்பிய தாத்தா பாட்டியின் கதை தெரிந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கலாம். அவர்களைப் பேசவைத்து, பிள்ளைகளை எழுதி வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களை அடுத்தடுத்த இதழ்களில் அச்சேற்றுவது சங்கத்தின் வேலை.

காப்டன் லட்சுமியின் பெயரை நாடு காப்பாற்றிக்கொள்ளும். அவருக்குப் பின்னால் அணிவகுத்து நின்றவர்களின் பெயரை நாம்தான் காப்பாற்றவேண்டும்.