கையும் நம்ம முதலீடுதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மூங்கில் கைவினைப் பயிற்றுநர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், கணக்குப் பதிவேடு பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். என்னைக் கத்தியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விழா மேடையில கத்திப் பேச்சா என்று சிலர் சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா ஒரு நிமிஷம் உங்க இடது கையைத் திருப்பிப் பாருங்க. ஆட்காட்டி விரல்லயோ, கட்டைவிரல் அடியிலயோ பழைய வெட்டுத் தழும்பு ஒண்ணாவது இருக்கும்.

ஏன் இடது கை? வலது கையில கத்தி இருக்கு. இடது கைதான் மூங்கிலைப் பிடிக்குது, மாங்காயைப் பிடிக்குது, துணியைப் பிடிக்குது. கத்தி பிடிச்ச கையைவிடப் பொருளைப் பிடிச்ச கைதான் அதிகமா வெட்டுப்படும். நாமோ கத்தியையே பார்த்துக்கிட்டு இருக்கோம், அந்த இன்னொரு கையை மறந்துடறோம். இடது கைப் பழக்கம் உள்ளவங்க இதை மாத்தி எடுத்துக்கங்க.

பட்டறை என்றால் இரும்பு அடிக்கிற இடம் மட்டும் இல்லை. மூங்கில் பிளக்கிற திண்ணை, ஓலை கிழிக்கிற தாழ்வாரம், ஜாக்கெட் துணி வெட்டுகிற கூடம், ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குகிற அடுப்படி, எல்லாம் பட்டறைதான். தொழிற்சாலையில் முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம்ம திண்ணைக்கு அந்தச் சட்டம் வராது. நமக்கு நாமேதான் சூப்பர்வைசர்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கூடை முடைகிறவர். ஆயுத பூஜைக்கு முன்னால் நிறைய ஆர்டர். ராத்திரி உட்கார்ந்து மூங்கில் பிளந்திருக்கிறார். கத்தி நழுவிக் கட்டைவிரல் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. காப்பித்தூளை வைத்து அழுத்தி, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். வீட்டில் சொன்னால் "இந்த வேலையே வேண்டாம்" என்பார்கள், குழுவில் சொன்னால் "தவணை கட்டுவாளா" என்று யோசிப்பார்கள். இந்த இரண்டு பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் பார்த்தால் கட்டைவிரல் மடங்கவில்லை. உள்ளே நரம்பு மாதிரி ஓடும் தசைநாண் அறுந்திருந்தது. அன்றைக்கே போயிருந்தால் தைத்துச் சரிசெய்யும் வாய்ப்பு நன்றாகவே இருந்திருக்கும். இன்றைக்கும் அவர் சந்தையில் கூடை விற்கிறார். முடைய முடிவதில்லை.

அந்த அக்காவுக்கு வெட்டுக்காயத்தைவிட அதை மறைத்ததுதான் பெரிய நஷ்டம். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

குழு நடத்த நமக்குப் பஞ்சசூத்திரம் இருக்கிறது. கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீங்க. அதேபோல் கத்திக்கும் ஐந்து சொல்கிறேன்.

முதலாவது, கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மொக்கைக் கத்திதான் பயமில்லாதது என்று நினைக்கிறோம். நேர் எதிர். மொக்கைக் கத்திக்கு அழுத்தம் அதிகம் கொடுக்க வேண்டும். அழுத்த அழுத்தத்தான் நழுவும், அதே வேகத்தில் கையில் ஏறும். கூர்மையான கத்தி கொஞ்ச பலத்தில், நாம நினைச்ச இடத்தில் வெட்டும். வேலையைத் தொடங்கும் முன் சாணைக்கல்லில் நாலு தீட்டுத் தீட்டிவிட்டு உட்காருங்க. ஆடுகிற கைப்பிடியையும் அன்றைக்கே சரிசெய்யுங்க.

இரண்டாவது, ஒரே ஒரு கேள்வி: "இப்போ நழுவினா கத்தி எங்கே போகும்?" போகிற பாதையில் உங்க விரலோ, தொடையோ, பக்கத்தில் உட்கார்ந்தவளோ இருந்தால் பிடியை மாத்துங்க. மூங்கில் பிளக்கும்போது முனையில் கத்தியை வைத்து, மரக்கட்டையால் தட்டி இறக்குங்க. கத்தி வரும் வழியில் இடது கை இருக்கவே கூடாது. தொடைமேல் வைத்துப் பிளாச்சு சீவுகிறவங்க பழைய டயர் ரப்பரையோ தடிமனான தோலையோ விரித்துக்கொள்ளுங்க. பிளாச்சின் பச்சைத்தோல் விளிம்பும் ஒரு பிளேடுதான். இழுக்கும்போது விரல்களுக்குச் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொள்ளலாம். காய் நறுக்கும்போது இடது விரல் நுனிகளை உள்பக்கம் மடக்கிப் பிடியுங்க.

மூன்றாவது, இடமும் உடையும். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம்ம நிழலே கைமேல் விழும். பகல் வெளிச்சத்தில் செய்வது நல்லது, முடியாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் மாத்துங்க. முந்தானையை இடுப்பில் செருகுங்க, தலைமுடியை முடிந்துகொள்ளுங்க. கொட்டாங்குச்சி வேலைக்கு மோட்டார் வைத்த கிரைண்டர் ஓட்டுகிறவங்க ரொம்பக் கவனிக்க வேண்டியது இது. சுழலும் மெஷின் முந்தானையையோ முடியையோ பிடித்தால் இழுத்துக்கொண்டே போகும். கையுறையும் அங்கே ஆபத்துதான், அதையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி போடாமல் அந்த மெஷின் முன்னால் உட்காராதீங்க.

நான்காவது, வைக்கும் இடம். "கத்தியைக் கையில கொடுக்காதே, கீழே வை, எடுத்துக்கறேன், சண்டை வரும்" என்று நம்ம பாட்டிமார் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, கீழே வைத்து எடுத்தால் இரண்டு பேர் விரலும் தப்பும். கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீங்க, காலைப் பின்னால் இழுங்க. அரிவாள்மனையை வேலை முடிந்ததும் சாய்த்து வைத்துவிடுங்க, பாத்திரம் கழுவும் தண்ணீருக்குள் கத்தியைப் போட்டு வைக்காதீங்க. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டு போட்ட பெட்டி வேண்டும். தேய்ந்த பிளேடை அப்படியே குப்பையில் எறியாமல் மூடியுள்ள டப்பாவில் போட்டு, ஒட்டி, தனியாகச் சொல்லிக் கொடுங்க. அந்தக் குப்பையைப் பிரிக்கிற தூய்மைக் காவலரும் ஏதோ ஒரு குழுவில் நம்மைப் போல உறுப்பினர்தான்.

ஐந்தாவது, பதறாத காரியம் சிதறாது. தூக்கக் கலக்கம், சீரியல், போன், அழுகிற குழந்தை, நாளைக்குத் தர வேண்டிய ஆர்டர், இதெல்லாம் சேரும் நேரத்தில்தான் கை நழுவும். யாராவது கூப்பிட்டால் முதலில் கத்தியைக் கீழே வையுங்க, அப்புறம் திரும்பிப் பாருங்க. கண் சொருகினால் வேலையை நிறுத்துங்க.

இவ்வளவுக்கு மேலும் வெட்டிவிட்டால்? மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சின்ன வெட்டு என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணியால் கட்டுங்க. ரத்தம் கொட்டினால் முதலில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்க, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்க. நின்றதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்க. வீங்கும் முன்னால் மோதிரம், வளையலைக் கழற்றுங்க. சிராய் ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீங்க. ரத்தம் நிற்கவில்லை, விரல் மடங்கவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய் உள்ளவங்க சின்னக் காயத்தையும் காட்டிவிடுங்க.

விரல் துண்டாகிவிட்டாலும் நம்பிக்கை போய்விடாது. துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கட்டிகள்மேல் வையுங்க. ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. 108க்குக் கூப்பிடுங்க. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

டி.டி. ஊசி கடைசியா எப்போ போட்டீங்க? நம்மில் நிறையப் பேருக்கு மாசமா இருந்தப்போ போட்டதோடு சரி. அந்தப் பிள்ளை இப்போ காலேஜ் போகும்! அழுக்கான, ஆழமான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் திரும்பவும் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயதுக்குள் இருக்கும் எல்லாரும் சேருங்க. வருஷத்துக்கு 20 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கை செயலிழந்தால் 1 லட்சம். ஆனால் ஒரு விரல் வெட்டுக்கு அதில் பணம் வராது. அதனால் விரலைக் காப்பாத்துவது நம்ம பொறுப்பு.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஒவ்வொரு குழுவும் ஒரு முதலுதவிப் பெட்டி வாங்கி, எல்லாருக்கும் பக்கமான வீட்டில் வைக்கட்டும். இரண்டாவதுக்குக் காசே வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு வசூலிக்கும் முன்னால் ஊக்குநர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த வாரம் யாருக்காவது கையில காயம் பட்டுதா?" காயம் பட்டவளுக்கு அந்த மாசத் தவணையை எப்படிச் சமாளிப்பது என்று அங்கேயே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. தவணைக்குப் பயந்து ஒருத்தி காயத்தை மறைக்கிற நிலை நம்ம குழுவில் இருக்கக் கூடாது.

கத்தரிக்கோலுக்கும் தையல் மெஷினுக்கும் கடன் கொடுக்கிறோம். அதைப் பிடிக்கிற கைக்குக் கடையில மாற்று கிடைக்காது. பார்த்துக்கங்க.