ஊத் வந்தால் எழுந்திரு!

('நறுமணம் ஆடம்பரமா? பண்பாடா?' என்ற பட்டிமன்றத்தில் 'பண்பாடே' என்னும் அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசிய அம்மா ஒரு போடு போட்டார்கள். "அரபு நாடு பாலைவனம், தண்ணி கிடையாது, குளிக்க முடியாததை மறைக்கத்தான் அத்தர்" என்று. நீங்களும் கைதட்டினீர்கள். அம்மா, குளிச்சு முடிச்சு, சுத்தமான உடம்பிலே பூசினாத்தான் அத்தர் நிற்கும். வியர்வை மேலே பூசினா அதுக்குப் பேரு அத்தர் இல்லை, அவஸ்தை! (சிரிப்பு)

அத்தர் என்பது 'இத்ர்' என்கிற அரபுச் சொல். வாசனை என்று அர்த்தம். கடையிலே வாங்குகிற சென்ட்டிலே பெரும்பகுதி ஆல்கஹால். புஸ்ஸுனு அடிச்சா, அது ஆவியாகும்போது வாசனையையும் தூக்கிக்கிட்டுத் தெருக்கோடி வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வரும். அத்தர் எண்ணெய். அது அவசரப்படாது. உடம்புச் சூட்டிலே மெல்ல மெல்லக் கிளம்பும். பக்கத்திலே வந்து உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். ஆடம்பரம்னா தூரத்திலே இருக்கிறவன் பார்க்கணும் ஐயா! பக்கத்திலே வந்தவனுக்கு மட்டும் தெரியறது எப்படி ஆடம்பரமாகும்? (கைதட்டல்)

நடுவர்: அதுக்காக அரை பாட்டிலைக் கவுத்துக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்களே?

இருக்காங்க ஐயா. அவங்க பக்கத்திலே பஸ்ஸிலே உட்கார முடியாது. பூசத் தெரியணும். மூடியிலே ஒரு கண்ணாடிக் குச்சி இருக்கும். அதாலே மணிக்கட்டிலே ஒரு தொடல், காதுக்குப் பின்னாலே ஒரு தொடல். அவ்வளவுதான். தேய்க்கக் கூடாது. அரபுகள் தாடியிலேயும் தலைத்துணியிலேயும் தடவிக்கொள்வார்கள். நம்ம ஊர் பாய்மார்கள் பஞ்சிலே நனைச்சுக் காது மடிப்பிலே வைப்பாங்க. பார்த்திருப்பீங்க.

ஊத் இருக்கிறதே, அதை எடுத்த எடுப்பிலே எடை போடக் கூடாது. அசாம் ஊத்தைத் திறந்தவுடனே மாட்டுத்தொழுவ வாசனை வரும். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று தோன்றும். ஒரு மணி நேரம் பொறுத்துக் கையை முகர்ந்து பாருங்கள். தேன் தடவின மரம் மாதிரி இருக்கும். அவசரக்காரனுக்குத் தொழுவம், பொறுமைசாலிக்குத் தேன்! (கைதட்டல்)

அந்த ஊத் எது தெரியுமா? நம்ம அகில்தான். சங்கப் பாட்டிலே பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டினார்களே, அதே அகில். நம்ம வீட்டு ஊதுபத்தியிலே இருக்கிற 'ஊது' அந்த அரபுச் சொல்தான். நல்லா இருக்கிற அகில் மரத்திலே வாசனை கிடையாது. மரம் காயப்பட்டு, பூஞ்சை பிடித்து, அதை எதிர்த்து அது சுரக்கிற கறுப்புப் பிசினிலேதான் மணம். அப்படிப்பட்ட மரத்தைத் தேடித் தேடி வெட்டியதாலே காடு காலியாச்சு. 1995-லேயே அசாம் அகில் வகையைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலே சேர்த்துவிட்டார்கள். அதனாலே நூறு ரூபாய்க்கு ஊத் என்று ஒருவர் நீட்டினால், அது ரசாயனக் கலவை. அதுவும் மணமாத்தான் இருக்கு, நான் குறை சொல்லலே. பேரைச் சரியாச் சொல்லி விற்கட்டும்.

சவூதியிலே தாயிஃப் என்று ஒரு மலையூர். வசந்த காலத்திலே சில வாரந்தான் ரோஜா. வெயில் ஏறுவதற்கு முன்னாலே பறித்து, செம்புக் கொப்பரையிலே காய்ச்சி வடிக்கிறார்கள். ஒரு தோலா எண்ணெய்க்குப் பத்தாயிரம் பூவுக்கு மேலே வேண்டும் என்கிறார்கள். தோலா நம்ம நாட்டு அளவு. 11.66 கிராம். அரபு அத்தர்க் கடையிலே இன்னைக்கும் அதுதான் கணக்கு.

எதிரணிப் பேராசிரியர் கேட்டார்: "வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளுக்குச் சம்பளம் தராமல் அலைய விடுகிறவர்கள் அத்தர் பூசினால் என்ன, பூசாவிட்டால் என்ன?" நியாயமான கேள்வி. சம்பளத்தை நிறுத்தி வைத்த முதலாளிகள் உண்டு. அந்தக் கையிலே தாயிஃப் ரோஜாவைப் பூசினாலும் மணக்காது. நான் மறுக்கவில்லை. இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன்.

ஷார்ஜாவிலே நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். கட்டடச் சொந்தக்காரர் வீட்டிலே பெருநாள் விருந்து. முடியும்போது 'மப்கரா' என்கிற புகைச்சட்டி வந்தது. கரி மேலே அகில் துண்டு. பெரியவர் வாங்கி, துணிக்குள்ளே புகையை ஏற்றி, பக்கத்து ஆளிடம் கொடுப்பார். கோட்டு போட்டவர்கள் முடிந்தது. கதவோரம் எங்க வாட்ச்மேன், இராமநாதபுரத்துக்காரர், ஒதுங்கி நின்றார். சட்டி தன்னைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தார். வீட்டுக்காரர் எழுந்து போய், தன் கையாலே அவர் சட்டைக்குப் புகை பிடித்தார். விரலிலே அத்தர் தொட்டு அவர் மணிக்கட்டிலே வைத்தார். அந்த மனுஷன் ரெண்டு நாள் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவில்லை ஐயா! (நீண்ட கைதட்டல்)

பேராசிரியர் ஐயா, சம்பளம் உரிமை. அதை வாங்கியே ஆகணும். ஆனா அந்த ரெண்டு நாள் அவருக்கு எந்தச் சம்பளத்திலேயும் வராது. தான் மட்டும் மணக்கிறதுதான் ஆடம்பரம். வந்தவனை மணக்க வைத்து அனுப்புகிற வழக்கத்துக்கு வேறு பேர் என்ன வைப்பீங்க?

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். அரபிலே ஒரு பழமொழி உண்டு: ஊத் வந்த பிறகு உட்காராதே. விருந்து முடிந்தது, கிளம்பலாம் என்பதை மனம் நோகாமல் சொல்கிற வழி அது. இங்கே ஐயா மணி அடிக்கிறார். அங்கேயென்றால் எனக்குப் புகையாவது கிடைத்திருக்கும்! (சிரிப்பு)