சிம்லாவில் தொடங்கிய மழைக் கணக்கு

2015-ஆம் ஆண்டு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதற்குமான சராசரியில் 14 சதவிகிதம் குறைந்தது. மராத்வாடாவில் பயிர் கருகியது. டிசம்பர் முதல் வாரத்திலோ சென்னை வெள்ளத்தில் மிதந்தது. ஊரிலுள்ள உற்றாரின் நலம் அறிய வழியின்றி நாம் தவித்தோம். இவ்விரண்டிற்கும் தொடர்புண்டா? ஓரளவு உண்டு. அதனைப் பசிபிக் மாகடலில் தேட வேண்டும்.

அம்மாகடலின் நடுக்கோட்டுப் பகுதியில் காற்று கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசுகிறது. வாணிபக் காற்று என்பது அதன் பெயர். அது கடலின் மேற்பரப்பிலுள்ள வெதுவெதுப்பான நீரை இந்தோனேசியாவின் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல்மட்டம் ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. எதிர்ப்புறத்தில், பெரு நாட்டுக் கரையோரம், அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. மேற்கே சூடேறிய காற்று மேலெழுந்து மேகமாகி மழையைக் கொட்டுகிறது. பிறகு வெகு உயரத்தில் கிழக்கே சென்று, குளிர்ந்த கடலின்மேல் இறங்கி, மீண்டும் மேற்கே திரும்புகிறது. காற்றினால் கடலின் வெப்பம் வேறுபடுகிறது; அவ்வேறுபாட்டினாலேயே காற்றும் வீசுகிறது. எது முந்தியது என்று கேட்பதிற் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்காற்று மெலிகிறது. வெப்பநீர் கிழக்கே பரவ, மழையும் அதனோடு இடம்பெயர்கிறது. அப்போது இந்தோனேசியா முதல் இந்தியா வரை காற்று கீழிறங்கும் போக்கு மிகுகிறது. இறங்கும் காற்று மேகத்தை வளரவிடாது. பெரு நாட்டு மீனவர், கிறிஸ்துமஸை ஒட்டித் தம் கரைக்கு வரும் வெப்பநீருக்கு இட்ட 'எல் நினோ', அதாவது குழந்தை இயேசு, என்ற பெயரே இந்நிலைக்கும் வழங்குகிறது.

இதன் முதல் துப்புக் கிடைத்தது சிம்லாவில். 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் பயின்ற கணித வல்லுநர். பூமராங் எறிவதில் பித்துக் கொண்டவர். மழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய வேண்டி, உலகின் பல நிலையங்களின் காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டி, இந்தியக் கணக்கர்களைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்துமாகடலில் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டு, அதற்கு 'ஸதர்ன் ஆஸிலேஷன்' என்று பெயரிட்டார். நாள்தோறும் கலைச்சொல் தேடுவதே தொழிலாகிவிட்ட நாம் அதனை 'அலைவு' என்று எழுதினாலும், 'ஊசல்' என்னும் பழஞ்சொல்லே பொருந்தும் என்பது நம் கருத்து. காரணத்தை வாக்கரால் விளக்க இயலவில்லை. 1969-இல் ஜேக்கப் பியர்க்னஸ் காற்றையும் கடலையும் இணைத்து விளக்கி, அச்சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே சூட்டினார்.

தமிழ்நாட்டின் நிலை வேறு. அதன் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. எல் நினோ ஆண்டுகளில் அம்மழை பெரும்பாலும் மிகுகிறது. ஆகவே இங்கு வறண்டதனால் ஊரிலும் வறளும் என்று நாம் கொள்ள வேண்டா. ஆயினும் சென்னை வெள்ளத்தின் பழி முழுவதையும் எல் நினோவின் தலையில் சுமத்துவது முறையன்று. ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டியது காற்றின் குற்றமா?

எல் நினோ வந்தால் பஞ்சம் என்பதும் உறுதியன்று. 2002-இல் பருவமழை 19 சதவிகிதம் குறைந்தது. அதைவிட மிக வலிய எல் நினோ தோன்றிய 1997-இலோ சராசரியைவிடச் சற்று மிகுந்தே பெய்தது. இந்துமாகடலிலும் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் மாறி மாறி வெப்பமேறும் ஓர் ஊசல் உண்டென்று 1999-இல் ஆய்வாளர்கள் விவரித்தனர். 1997-இல் ஆப்பிரிக்காவை அடுத்த மேற்குப் பாதி சூடேறியிருந்தது. பசிபிக்கினால் நேர இருந்த கேட்டை அதுவே ஈடுசெய்தது என்பர் பலர். இந்நாளில் வானிலைத் துறை ஏப்ரலில் வெளியிடும் முன்னறிவிப்பில் இவ்விரு கடல்களின் நிலையும் இடம்பெறுகிறது.