ஆடாமல் நின்ற ஊசல்

(குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கையில் பிடித்து எடுத்த காணொலியின் நடுக்கத்தை மென்பொருளால் சரிசெய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி, நான் செய்த ஒரு தவறிலிருந்து கற்றது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மாணவன் ஒருவன் கால் எலும்பு முறிந்து வீட்டில் இருந்தான். செய்முறைகளைப் படம்பிடித்து அவனுக்கு அனுப்பி வந்தேன். தனி ஊசல் பாடம் வந்தது. ஒரு மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கையால் ஆட்டிவிட்டு, மறு கையால் அலைபேசியைக் கிட்டத்தில் பிடித்து எடுத்தேன். ஒரே நடுக்கம். வீட்டுக் கணினியில் ஷாட்கட் மென்பொருளில் போட்டு, ஸ்மூதிங் அளவை நன்றாகக் கூட்டினேன். சரிபார்க்காமல் அனுப்பினேன். அலைபேசியில் இடமில்லை என்று மூலப் பதிவையும் அழித்துவிட்டேன்.

பத்து அலைவுக்கு எத்தனை விநாடி என்று அவன் கணக்கிட வேண்டும். மாலையில் போன் செய்தான். "சார், குண்டு அப்படியே நிக்குது. சுவத்துல இருக்கிற ஆணிதான் ஆடுது. எதை எண்ணட்டும் சார்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நடந்தது இதுதான். மென்பொருளுக்குக் கை நடுங்கியது தெரியாது. படத்தில் பளிச்சென்று தெரியும் புள்ளிகளை ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்குத் தொடர்கிறது. அவை நகர்ந்தால் கேமரா நகர்ந்ததாக எடுத்துக்கொண்டு, படத்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. என் பின்னணியோ வெள்ளையடித்த வெறும் சுவர். அதில் தொடர ஒன்றுமில்லை. குண்டும் நூலும்தான் அகப்பட்டன. ஊசலின் அலைவையே நடுக்கம் என்று எண்ணி அது நீக்கிவிட்டது. நாம் காட்ட வந்த இயக்கமே போய்விட்டது!

மறுநாள் ஊசலுக்குப் பின்னால் தனிம வரிசை அட்டவணையை மாட்டினேன். நான்கடி தள்ளி நின்று, இரண்டு கையாலும் பிடித்து எடுத்தேன். ஸ்மூதிங்கைக் குறைவாக வைத்தேன். அட்டவணையின் கட்டங்களையும் எழுத்துகளையும் மென்பொருள் பிடித்துக்கொண்டது. மாணவன் சுமார் 20 விநாடி என்று சரியாகச் சொன்னான்.

இன்னொன்று, விளிம்பு. படத்தை இப்படியும் அப்படியும் தள்ளும்போது ஓரத்தில் கறுப்பு இடம் விழும். அதை மறைக்க மென்பொருள் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது. கரும்பலகையை ஓரம்வரை நிரப்பி எடுத்தீர்கள் என்றால் சமன்பாட்டின் கடைசி எழுத்து போய்விடும். வேதியியலில் அது சின்ன இழப்பல்ல. நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

மங்கலும் அப்படித்தான். வெளிச்சம் குறைந்த அறையில் ஒவ்வொரு ஃபிரேமையும் பதிக்கக் கேமரா கூடுதல் நேரம் எடுக்கும். அதற்குள் கை அசைந்தால் எழுத்து இழுபட்டுப் பதிவாகும். மென்பொருள் படத்தை நிலையாக நிறுத்தும். எழுத்தின் மங்கல் அப்படியே இருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உண்மையைச் சொன்னால், மேசைமேல் நாலு புத்தகத்தை அடுக்கி அலைபேசியைச் சாய்த்து வைத்தால் வகுப்பறைக்குள் மென்பொருளே பெரும்பாலும் வேண்டாம். களப்பயணத்தில் மாணவர்களோடு நடந்துகொண்டே எடுப்பதற்குத்தான் அது உண்மையில் உதவும்.

ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஷாட்கட்டில் ஃபில்டர்ஸ் பகுதியில் ஸ்டெபிலைஸைச் சேர்த்து, அனலைஸ் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய கணினியில் இதற்கு நேரமாகும். தேநீர் குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். மூலப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இப்போது எல்லாரும் அலைபேசியை எடுங்கள். இந்த அறையின் வாசலிலிருந்து கரும்பலகைவரை நடந்துகொண்டே அரை நிமிடம் படம் பிடியுங்கள். அதையே கணினியில் போட்டுப் பார்ப்போம்.